கரும்பலகையும் தொடுதிரையும்: ஒரு கணக்காசிரியரின் அனுபவம்

(நமது ஜமாஅத்தின் கல்விக் குழு மதரஸா மாடியில் நடத்திய பெற்றோர் – ஆசிரியர் அமர்வில், தாம்பரம் பகுதியில் பணியாற்றி ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பெயரின்றி வெளியிடுகிறோம்.)



  

என்னை அழைத்த கடிதத்தில் ‘நவீனக் கல்விக் கருவிகளும் ஆசிரியர்களும்’ என்று தலைப்புக் கொடுக்கப்பட்டிருந்தது. தலைப்பு பெரியது. அதன் பின்னாலுள்ள செய்தி சிறியது, நமக்கு நெருக்கமானது. மாலை நேர இலவச வகுப்பு நடைபெறும் இந்த மாடி அறைக்குத் தொடுதிரைப் பலகை ஒன்றை வாங்கித் தர, வெளிநாட்டில் பணிபுரியும் நம் சகோதரர் ஒருவர் முன்வந்திருக்கிறார். நிர்வாகக் குழுவில் இது பேசப்பட்டபோது, ‘கணக்கு சாரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம்’ என்று செயலாளர் அவர்கள் கூறினாராம். அது அவருடைய பெருந்தன்மை. கொடுப்பவரின் மனம் நோகாமலும், படிக்கும் பிள்ளைகளுக்கு நன்மை குறையாமலும் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. என் ஒருவனின் கருத்தாக அது நின்றுவிடக் கூடாது என்று கருதி, இன்னும் பணியிலிருக்கும் மூன்று ஆசிரியர்களைச் சந்தித்துப் பேசினேன். அவர்கள் சொன்னவற்றையும் சேர்த்தே இங்கு வைக்கிறேன்.

நான் 1990ஆம் ஆண்டு வேலையில் சேர்ந்து 2022இல் ஓய்வு பெற்றவன். சேர்ந்தபோது என் கையில் இருந்த கருவிகள் சாக்பீஸ், அழிப்பான், மரத்தாலான பெரிய கவராயம், ஒரு மீட்டர் கோல். என்னுடைய பள்ளிப் பருவத்தில் கரும்பலகைக்குக் கோவையிலையையும் கரியையும் அரைத்துப் பூசுவோம். கையெல்லாம் பச்சையும் கறுப்புமாக வீடு திரும்பி அடி வாங்கியதும் உண்டு. அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவன் புதிய கருவிகளைப் பழித்துத்தான் பேசுவான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எங்கள் பள்ளியில் வினாத்தாளை முதன்முதலில் கணினியில் தட்டச்சு செய்தவன் நான்தான். 2003ஆம் ஆண்டு என்று நினைவு. வானவில் எழுத்துருவில் இரவெல்லாம் அமர்ந்து அடித்து, குறுந்தட்டில் ஏற்றிக்கொண்டு அச்செடுக்கப் பிரவுசிங் சென்டருக்குப் போனால், அங்கே அந்த எழுத்துரு இல்லை. என் பிதாகரஸ் தேற்றம் திரையில் எறும்புக் கூட்டமாய் ஊர்ந்தது. மறுநாள் காலை பழையபடி கையால் எழுதி நகலெடுத்தேன். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்ட பின்னர் இந்தத் தொல்லை மெல்ல மெல்லக் குறைந்தது.

2011 செப்டம்பரில் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும், அடுத்த சில ஆண்டுகளில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. அந்தக் கணினிகள் என் வகுப்பறைக்குள் வரவே இல்லை. நேராக வீட்டுக்குப் போய்விட்டன. அதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் அதைக் கொண்டு தட்டச்சுப் பழகிய என் மாணவிகள் இருவர் பின்னாளில் சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவருடைய தம்பி, தங்கைகளும் அதே கணினியில்தான் படித்தார்கள். ஆனால் என் கற்பித்தல் அதனால் மாறியதா என்றால், இல்லை. நான் அதே கரும்பலகையில் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

தனியார் பள்ளிகளில் திரை வகுப்புகள் வந்ததும் ஏறத்தாழ அந்தக் காலம்தான். நான் சந்தித்த மூவரில் ஒருவர், புறநகரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். 2012இல் சென்னையிலேயே நாளொன்றுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நம் புறநகர்வாசிகளுக்கு அந்த அனுபவம் தனி. திரையை நம்பிப் பாடம் தயாரிக்காமல் வந்த நாளில் மின்சாரம் போய்விட்டால் நாற்பது பிள்ளைகளுக்கு முன் நிற்பது எப்படியிருக்கும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அவருடைய உண்மையான வருத்தம் மின்சாரம் இருந்த நாட்களைப் பற்றியது. படமும் விளக்கமும் நிறுவனமே தயாரித்து அனுப்பியவை. முப்பத்தைந்து நிமிடம் அது பேசும். அறையை இருட்டாக்கியிருப்பார்கள். “பாடம் நடக்கிறது, நான் திரைக்குப் பக்கத்தில் நிற்கும் காவல்காரி மாதிரி நிற்கிறேன் சார். எந்தப் பிள்ளைக்குப் புரிகிறது, எது தூங்குகிறது என்று முகமே தெரியவில்லை” என்றார்.

அதே ஆசிரியைதான் இன்னொன்றும் சொன்னார். இதயத்தின் நான்கு அறைகளையும் சாக்பீஸால் அழகாக வரைவதில் அவர் பெயர் பெற்றவர். ஆனால் வால்வு திறப்பதையும் மூடுவதையும் அவரால் ஒருநாளும் வரைய முடிந்ததில்லை. திரையில் இரத்தம் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் பாய்ந்து, திரும்பி வர முயன்று, கதவு சாத்தப்படுவதைக் கண்டபோது பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் வியந்து நின்றாராம். பின்னர் அவர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். நிறுவனத்தின் படத்தில் இரண்டு நிமிடத்தை மட்டும் ஒலியில்லாமல் ஓட்டுவது. சன்னலைத் திறந்தே வைப்பது. விளக்கத்தைத் தாமே சொல்வது. பள்ளி நிர்வாகத்துக்கு முதலில் இது பிடிக்கவில்லை. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியதை முழுமையாகப் பயன்படுத்தவில்லையே என்பது அவர்களின் கவலை.

என் அனுபவமும் இதற்கு ஒத்ததே. 2018ஆம் ஆண்டு ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டமான குறியீடு. கைப்பேசியைக் காட்டினால் காணொளி திறக்கும். கணக்குப் புத்தகத்தில் இயலின் இறுதியில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பகுதி; அதில் ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளைப் பயன்படுத்தும் பயிற்சி. ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த மார்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கி, இலவசமாக உலகுக்கு வழங்கிய மென்பொருள் அது.

ஒன்பதாம் வகுப்பில் முக்கோணத்தின் செங்கோட்டு மையம் என்று ஒரு பாடம் உண்டு. மூன்று முனைகளிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்குக் குத்துக்கோடு வரைந்தால் மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கும். கரும்பலகையில் நான் ஒரு முக்கோணம் வரைந்து காட்டுவேன், நேரமிருந்தால் இரண்டு. எல்லா முக்கோணத்துக்கும் இது பொருந்தும் என்பதைப் பிள்ளைகள் என் வாக்கை நம்பித்தான் ஏற்க வேண்டும். திரையில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். முக்கோணம் மாற மாற மூன்று கோடுகளும் கூடவே நகர்ந்தன. சந்திப்பு மட்டும் பிரியவில்லை. இன்னும் இழுத்து, விரிகோணமாக ஆனபோது அந்தப் புள்ளி முக்கோணத்தை விட்டு வெளியே சென்றது. ‘சார், அது வீட்டை விட்டு வெளியே போயிடுச்சு!’ என்று ஒரு பையன் கத்தினான். இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் கற்பித்த பாடத்தில் முதன்முறையாகக் கேட்ட கூச்சல் அது. அன்று வீட்டுக்கு மிக்க மகிழ்ச்சியோடு போனேன்.

அடுத்த வாரம் தாளையும் கவராயத்தையும் கொடுத்து அதே செங்கோட்டு மையத்தை வரையச் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் குத்துக்கோட்டுக்குப் பதிலாக நடுக்கோட்டை வரைந்திருந்தார்கள். வீட்டை விட்டு வெளியே போன புள்ளியைக் கண்டு கத்திய பையனும் அவர்களில் ஒருவன். கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. திரை அத்தனை எளிதாக வரைந்துவிட்டதால், குத்துக்கோடு என்றால் என்ன என்று நின்று யோசிக்கும் தேவையே அவர்களுக்கு ஏற்படவில்லை. தவறு மென்பொருளுடையது அன்று. வரிசையைத் தலைகீழாக வைத்த என்னுடையது. அதன் பின் நான் முதலில் தாளில் வரையச் சொல்வேன். பிறகு, ‘இந்த முனையை இழுத்தால் புள்ளி எங்கே போகும்?’ என்று கேட்டு, ஒவ்வொருவரும் தம் ஊகத்தை நோட்டில் எழுதிய பிறகுதான் திரையைத் தொடுவேன். ஊகம் தவறிய பிள்ளைகள்தாம் அதிகமாகக் கற்றுக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

பத்தாம் வகுப்புத் தாய்மார்களுக்காக இடையில் ஒரு சொல். அரசுப் பொதுத்தேர்வுக் கணக்குத் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். தேர்ச்சிக்குத் தேவை 35. கணக்கு வராது என்று கைவிடப்பட்ட பிள்ளைகளை நாங்கள் கரையேற்றுவது இந்த 16 மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டுதான். அதற்குத் தேவையானவை வரைபடத்தாள், ஆடாத கவராயம், கூரான பென்சில், பக்கத்தில் நின்று ‘அளவுத்திட்டம் எழுதினாயா?’ என்று கேட்க ஓர் ஆள்.

மற்ற இருவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழாசிரியர் ஒருவர் பிள்ளைகளைச் செய்யுள் வாசிக்கச் செய்து கைப்பேசியில் பதிவு செய்து, அவர்களுக்கே போட்டுக் காட்டுகிறார். பத்து முறை திருத்தியும் வராத ழகரம், தன் குரலைத் தானே கேட்ட வெட்கத்தில் வந்துவிடுகிறது என்கிறார். காசு செலவில்லாத உபாயம். தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர், 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பணியாற்றியவர். பிள்ளைகளை வயதால் அல்லாமல் கற்றல் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பதை மனமாரப் பாராட்டினார். ஆனால் செயலியில் விவரம் பதிவதைப் பற்றிக் கேட்டவுடன் முகம் சுருங்கியது. “எந்தப் பிள்ளை அரும்பு, எது மொட்டு என்று எனக்கு முன்னரே தெரியும் சார்; அதைக் கைப்பேசிக்குச் சொல்லிப் புரியவைக்கத்தான் நேரம் போகிறது” என்றார். இந்த அங்கலாய்ப்பைப் பணியிலிருந்த கடைசி ஆண்டுகளில் நானும் நன்கு அனுபவித்திருக்கிறேன்.

இனி, சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்கிறேன்.

2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. முந்தைய ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. எங்களைப் போன்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழு அமைத்துப் பாடத்தையும் வீட்டுப்பாடத்தையும் அனுப்பினோம். என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி. ஊரையும் பெயரையும் தவிர்க்கிறேன். தந்தை ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி அவரோடு காலையில் போய் இரவு ஒன்பதரைக்குத்தான் வீடு திரும்பும். இது எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒவ்வொரு நாளும் இரவு பத்தரை மணிவாக்கில் அவளுடைய வீட்டுப்பாடத்தின் படம் வந்துவிடும் என்பதுதான். முத்து முத்தான கையெழுத்து. எல்லா விடையும் சரி. நான் பச்சை நிறக் குறியிட்டு ‘நன்று’ என்று அனுப்புவேன். குழுவில் அவளை முன்மாதிரியாகவும் காட்டியிருக்கிறேன்.

அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர் அனைவரும் தேர்வின்றித் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. 2021 செப்டம்பரில் பள்ளி திறந்து, பத்தாம் வகுப்பில் அவள் முன்வரிசையில் வந்து அமர்ந்தாள். பலகைக்கு அழைத்து, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். மேலே இருந்த இரண்டு எண்களைக் கூட்டி இரண்டு என்றும், கீழே இருந்தவற்றைக் கூட்டி ஐந்து என்றும் எழுதி, ஐந்தில் இரண்டு என்றாள். ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவாயிற்றே, கூட்டினால் எப்படிக் குறையும் என்ற ஐயம்கூட அவள் முகத்தில் இல்லை. ஓராண்டு முழுவதும் தோழிகள் அனுப்பிய விடைகளை அவள் இரவில் அமர்ந்து அழகாகப் பார்த்து எழுதியிருக்கிறாள். பாடக் காணொளி எதையும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ‘அத்தா போன்ல டேட்டா இருக்காது சார்’ என்று மிக மெல்லிய குரலில் சொன்னாள். 2022 மே மாதத் தேர்வில் கணக்கில் தவறினாள். அந்த மாதத்தோடு நானும் ஓய்வு பெற்றேன்.

வகுப்பறையில் அவள் இருந்திருந்தால் இரண்டாவது நாளே நான் கண்டுபிடித்திருப்பேன். பென்சில் எங்கே தயங்குகிறது, பக்கத்து நோட்டின் மீது கண் எப்போது போகிறது என்பதைப் பார்ப்பதுதானே என் தொழில். திரை எனக்கு விடையைக் காட்டியது. விடை எழுதிய பிள்ளையைக் காட்டவில்லை. அதைவிட என்னை உறுத்துவது, அந்த நேர்த்தியான படங்கள் எனக்கு நிம்மதியைத் தந்தன என்பது. நிம்மதி கிடைத்ததால் நான் தொலைபேசியில்கூட அவளை அழைத்துப் பேசவில்லை.

இது என் ஒருவனின் கதை என்று விட்டுவிடலாம். ஆனால் ஆய்வாளர்கள் அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். 2021 டிசம்பரில் மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் பின்னடைவு மேலும் அதிகம். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அவ்வாறு மீண்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குக் காரணம் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் என்ன கருவி இருந்தது? ஒரு திண்ணை, ஒரு சிறு பலகை, மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், தெருவிலேயே வசிக்கும் ஒரு பெண். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அப்படி ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள்.

அதற்காகக் கணினியால் பயனே இல்லை என்று நான் சொன்னால் அதுவும் அநீதியாகும். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகளை அள்ளிக் கொடுத்தார்கள். 319 பள்ளிகளைக் கொண்டு ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கிலும் மொழியிலும் அதனால் முன்னேற்றம் ஏற்பட்டதற்கான சான்று கிடைக்கவில்லை. மாறாக, 2015இல் டெல்லியில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை நேர மையங்களில் ஒரு மென்பொருளைக் கொடுத்துப் பார்த்தபோது, நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. வேறுபாடு எங்கே என்றால், டெல்லியில் அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எங்கே நிற்கிறது என்று சோதித்து, அங்கிருந்து பாடத்தைத் தொடங்கியது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் தெரியாவிட்டால் பின்னத்திலிருந்தே தொடங்கும். அத்தோடு, முக்கால் மணி நேரம் கணினி என்றால் முக்கால் மணி நேரம் சிறு குழுவாக ஓர் ஆளிடம் பாடம்.

நம் சென்னைக்கே சொந்தமான பழைய சான்று ஒன்றும் உண்டு. 1789 முதல் 1796 வரை எழும்பூரில் இருந்த இராணுவ ஆதரவற்றோர் விடுதியின் கண்காணிப்பாளராக ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் இருந்தார். ஒருநாள் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். செலவில்லாத இந்த முறையைத் தம் விடுதியிலும் கொண்டுவர விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். புதிய கருவிக்கு ஆசிரியர்கள் முகம் சுளிப்பது இன்று நேற்றைய வழக்கமன்று என்பதற்கு இது சான்று! பெல் சளைக்காமல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். அவன் சிறு பிள்ளைகளுக்கு மணலில் எழுதக் கற்றுக் கொடுத்துவிட்டான். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைதான் அவன். 1797இல் இலண்டனில் பெல் இதைப் புத்தகமாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. பிள்ளை பிள்ளைக்குச் சொல்லித் தருவது என்னும் நல்ல எண்ணத்தில் பிறந்த அந்த முறை, அங்கே பலருக்குப் பிடித்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம், சம்பளம் மிச்சம். நாளடைவில் அது மனப்பாடமும் அணிவகுப்புமாகச் சுருங்கியது. தொடுதிரைப் பலகை என்று கேட்டவுடன் எனக்கு இந்த மணல்தான் நினைவுக்கு வந்தது. மணலைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. அதைக் காட்டி ஆளைக் குறைப்பார்களோ என்பதுதான் என் அச்சம்.

எனவே என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு இதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

அந்தச் சகோதரரின் நன்கொடையை நன்றியோடு பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் தொடுதிரைப் பலகைக்குப் பதிலாக ஒரு சிறிய புரொஜெக்டரும், ஒரு கணினியும், ஓர் ஒலிபெருக்கியும் போதும். எதிர்ச்சுவர் வெள்ளையாகத்தான் இருக்கிறது. நம் மாலை வகுப்பில் ஒன்றிலிருந்து பத்து வரை எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் அமர்கிறார்கள். எல்லோரையும் ஒரே திரையைப் பார்க்க வைத்தால் யாருக்கும் அது பாடமாக இருக்காது. மீதமாகும் தொகையில், நம் மஹல்லாவில் பட்டம் பெற்றும் வீட்டிலிருக்கும் இரண்டு பெண்களுக்கு ஓராண்டுக்கு மாத ஊக்கத்தொகை கொடுத்து, பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து அமர்த்தலாம். பைத்துல்மால் வாயிலாக ஐந்து கைக்கணினிகள் வாங்கி, நூலகப் புத்தகம் போல வாரத்துக்கொருமுறை இரவல் கொடுத்தால், அத்தாவின் கைப்பேசி வீடு திரும்பும் வரை எந்தப் பிள்ளையும் காத்திருக்க வேண்டியிருக்காது. இணையம் இல்லாமலேயே பார்க்கும்படி பாடங்களை அவற்றில் ஏற்றித் தரும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். கரும்பலகைக்கு ஒரு பூச்சு அவசியம். அஸருக்குப் பின் மேற்குச் சன்னல் வெளிச்சம் பட்டு, இடப்பக்கம் அமரும் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரிவதில்லை. நேற்று நானே உட்கார்ந்து பார்த்தேன்.

சகோதரருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம் என்று பொருளாளர் அவர்கள் கவலைப்பட்டார். பலகையாக இருந்தால் அதன் மீது கொடுத்தவரின் பெயர் பொறிக்கலாம். ஊக்கத்தொகையில் எங்கே பொறிப்பது? நியாயமான கேள்விதான். அவரோடு தொலைபேசியில் நானே பேசுகிறேன், இன்ஷா அல்லாஹ். அவரும் ஒரு காலத்தில் கணக்கில் என்னிடம் குட்டு வாங்கியவர்தான்.

இன்னும் ஒரு வேண்டுகோள். அந்த மாணவியைச் சென்ற மாதம் தாம்பரம் பேருந்து நிலையம் அருகே தற்செயலாகச் சந்தித்தேன். ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். கணக்கை மட்டும் தனித்தேர்வராக எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம் என்றேன். கடை விடுமுறையாகும் செவ்வாய்க்கிழமைகளில் இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். அவள் நம் மஹல்லாவைச் சேர்ந்தவள் அல்லள் என்பதை நிர்வாகம் பொருட்படுத்தாது என்று நம்புகிறேன். பின்னத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் நூறு வரைபடத்தாள் வேண்டும். கவராயம் என்னிடம் இருக்கிறது. மாடி அறைச் சாவி செவ்வாய்க்கிழமைகளில் யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் செயலாளர் அவர்கள் எனக்குத் தெரிவித்தால் போதும்.